தள்ளிப் போ என்று சொல்லிக்கொடுத்தேன்

மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். குழாயடியில் ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், என்னிடம் பயிற்சிக்கு வரும் ஆறு வயதுப் பெண் இன்னொரு பிள்ளையின் முழங்கையைக் கடித்துவிட்டு, தன் தட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள். அந்தப் பிள்ளை விளையாட்டாக இவள் தட்டைப் பிடுங்கியிருக்கிறது. இவள் பல்லால் பதில் சொல்லிவிட்டாள்.

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை. பேச்சு தாமதமாக வந்த பிள்ளைகள், திக்குகிற பிள்ளைகள், சொல் உதட்டுக்கு வராமல் உள்ளேயே தங்கிவிடுகிற பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்குத் தந்திருந்தார்கள். மூலையில் காற்றுப் போன வாலிபால் ஒன்று இன்னமும் கிடக்கிறது. அன்று காலையில்தான் அந்த அறையில் இவள் ஒரு படத்தைப் பார்த்து, ‘தட்டு’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். நான் கைதட்டி, நெற்றியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தேன். குழாயடியில் அவள் நெற்றியில் அந்த நட்சத்திரம் அப்படியே இருந்தது.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. தட்டு என்ற சொல் அவளிடம் இருக்கிறது. ‘என் தட்டு, குடு’ என்பது இல்லை. கோபம் வந்தால் அதை எங்கே வைப்பது என்பது இல்லை. வேண்டும், வேண்டாம், பயமாக இருக்கிறது, நானும் விளையாட வரட்டுமா... எதுவுமே இல்லை. நான் இத்தனை நாளும் பொருள்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளை பேசக் கற்றுக்கொண்டது என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, கடிச்ச பொண்ண நாலு வார்த்த திட்டுவன்னு பாத்தா நீ இன்னா சிரிச்சிகினு நிக்கிற?” என்று கேட்டார் வகுப்பு டீச்சர்.

“டீச்சர், எனக்கு ஒரு ஐடியா வந்திருக்கு.”

“உனக்கு வராத நாளு எது? மொதல்ல அந்தப் புள்ள கைக்குத் தண்ணி ஊத்து.”

ஒரு யோசனை வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. அன்று சாயங்காலமே சார்ட் பேப்பர் வாங்கினேன். கணியம்பாடியில் எங்கள் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து முகங்களை வெட்டினேன். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபம், பயம், ‘பிடிக்கல’ என்று உதட்டைச் சுளிக்கிற முகம். அடுத்த வாரமே பாடம் ஆரம்பமாகிவிட்டது. முகத்தைக் காட்டுவேன், பிள்ளைகள் அந்த முகத்தைப் போட வேண்டும், கூடவே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பிள்ளை மனதில் இருப்பதை ஒரு சொல்லாகச் சொன்னாலும் போதும், அதை உடனே மதியுங்கள், கேட்டதைச் செய்யுங்கள், சொன்னால் பலன் உண்டு என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்றேன். படிக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

‘பிடிக்கல’ முகம் மட்டும் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. பாகற்காய் படம் காட்டினேன், கொசு படம் காட்டினேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடித்துக் காட்டினால்தான் ஆகும் என்று தோன்றியது. தினமும் கணியம்பாடியிலிருந்து வேலூர் வந்து, அங்கிருந்து ஆம்பூர் பஸ்ஸில் வருகிறேன். வழியில் ஓரிடத்தில் தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து அறையும். அந்த இடத்தில் நான் செய்வதை அப்படியே செய்தேன். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தோளுக்குத் திருப்பி, இன்னொரு கையை நீட்டி, “ச்சீ! நாத்தம்! எனக்குப் பிடிக்கல! தள்ளிப் போ!” பிறகு, நானே அந்த நாற்றமாக மாறி, பின்னால் தடுமாறிப் போய்ப் பொத்தென்று கீழே விழுந்தேன்.

அறையே சிரிப்பில் குலுங்கியது. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். குழாயடிப் பெண் எழுந்து வந்து மூக்கைப் பிடித்தாள், கையை நீட்டினாள். “நாத்தம். பிடிக்கல. தள்ளிப் போ.” அதுவரை இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசாதவள். நான் விழுந்தேன். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி விழுந்தேன். முழங்கால் சிராய்த்துக்கொண்டது. அது பெரிதாகவே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவளைப் பயிற்சிக்கு அழைத்து வருவது அவள் அப்பா. தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் பக்கம் வேலை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற பகுதி. வெள்ளிக்கிழமை அங்கே வார லீவு, அதனால் அவள் முறையை வெள்ளிக்கிழமைக்கே வைத்திருந்தோம். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கழுத்தில் பவுடரோடு வருவார், பாடம் முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சோப்பு வாசனைதான் வரும். எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளிக்கிழமை அப்பாவை மட்டும்தான். மற்ற ஆறு நாள் அப்பா ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆம்பூரில் தோல் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு தோல் வாடைக்கு மூக்கைப் பிடித்து நடித்திருக்கிறேன். அந்த நிமிடம் அது உறைக்கவே இல்லை. என்ன படித்தேனோ.

அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வந்தார். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவர், அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் முகமே சரியில்லை.

“அண்ணன் வரலயா அக்கா? உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல மிஸ். நீயே கூட்டிகினு போன்னுட்டாரு.”

பெண் வழக்கமாக உட்காரும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முகப் படங்களைப் பரப்பினேன். ஒன்றையும் தொடவில்லை. அவளுக்குப் பிடித்த சிரிக்கிற முகத்தைக் கிட்டே நகர்த்தினேன். கதவைப் பார்த்தாள். ‘அப்பா’ என்றுகூடச் சொல்லவில்லை.

“எப்பலர்ந்து அக்கா இப்படி?”

அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். போன சனிக்கிழமை சாயங்காலம் அவள் அப்பா வேலை முடிந்து வந்திருக்கிறார். வந்ததும் வீட்டுக்குள் போகாமல், டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தாமல், மகளை முன்னால் நிற்க வைத்துத் தெருக்கோடி வரைக்கும் ஒரு ரவுண்டு போவதுதான் தினமும் நடக்கும். வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் அவர் சொல்வார், இவள் திருப்பிச் சொல்வாள். ஆடு, லாரி, மாவு மில்லு. திரும்பி வந்த பிறகுதான் குளியல்.

“அன்னிக்கு இவ ஓடியாந்தா மிஸ். கிட்ட வந்ததும் நின்னா. இப்படி...” அம்மா இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து, முகத்தைத் தோளுக்குத் திருப்பி, கையை நீட்டிக் காட்டினார். “நாத்தம், பிடிக்கல, தள்ளிப் போன்னா. அவ்ளோ தெளிவா சொன்னா.”

அது என் கை. முழங்கை மடங்குவதுகூட நான் செய்வது மாதிரியே இருந்தது.

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வண்டியத் தள்ளிகினு பின்பக்கமா போய்ட்டாரு. பஸ்ல பக்கத்துல குந்தினவன் எழுந்து வேற சீட்டுக்குப் போனாலும் அவருக்கு அதெல்லாம் பழக்கம் மிஸ். கல்யாண வூட்ல பந்தியில கூட பாத்திருக்கேன். ஆனா இது வூட்லயே ஆச்சே?”

நான் அவள் நெற்றியில் ஒட்டுவதற்காக ஒரு ஸ்டிக்கரை உரித்து விரலில் வைத்திருந்தேன். அது விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. தினமும் வண்டிய மாவு மில்லு கிட்டயே நிறுத்திடறாரு. சந்து வழியா பின்னால வந்து குளிச்சி, சட்ட மாத்திகினு வர்றதுக்குள்ள இவளுக்குத் தூக்கம் வந்துடுது. இவ வாசல்லயே குந்திகினு இருப்பா. ரவுண்டும் இல்ல, பேச்சும் இல்ல. எங்கிட்டயும் பேச மாட்டேங்கறா.” அப்புறம் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “ஒண்ணு கேக்கட்டுமா மிஸ்? அத சொல்லிட்டு இவ சிரிச்சா. இன்னாத்துக்கோ காத்துகினு இருக்கற மாதிரி அவரையே பாத்துகினு நின்னா. அது இன்னான்னுதான் எனக்குப் புரியல.”

எனக்குப் புரிந்தது. அவர் விழுவார் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டில், ‘தள்ளிப் போ’ என்றால் எதிரில் இருப்பவர் பொத்தென்று விழ வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். அப்பா விழவில்லை. போய்விட்டார். வீட்டில் முதன்முதலாக அவள் ஒரு முழு வாக்கியம் பேசினாள், பேசியதும் அப்பா காணாமல் போனார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. “நான் அண்ணன்கிட்ட பேசறேன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். அதையும் டீச்சர் தோரணையில்தான் சொன்னேன், தப்பு வீட்டில் எங்கேயோ நடந்தது போலவும் நான் வந்து சரி செய்யப்போவது போலவும்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் அவர்கள் தெருவுக்குப் போனேன். மாவு மில் வாசலில் காத்திருந்தேன். இருட்டத் தொடங்குவதற்கு முன்னால் அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை பார்க்கிற மனிதராகவே தெரியவில்லை. கால்சட்டை முழங்கால் வரை நனைந்து சுண்ணாம்பு காய்ந்திருந்தது. கிட்டே போனேன். வாடை வந்தது. என் கை என்னைக் கேட்காமலே மேலே வரப் பார்த்தது. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. ஒன்றும் நடக்காதது போல வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்.

“அந்தாண்டயே நில்லுங்க மிஸ். காத்து அங்கருந்து அடிக்குது.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. சாணி அள்ளிவிட்டு அப்படியே வந்து சோறு போடுவார் என் அம்மா. அது எனக்கு ஒரு நாளும் நாற்றமாகப் பட்டதில்லை. அதை அந்த நேரத்தில்தான் நினைத்துக்கொண்டேன்.

“அண்ணா, பாப்பா சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க” என்று தொடங்கினேன்.

“நான் ஏன் மிஸ் வெச்சுக்கறேன்? சந்தோஷந்தான்.” அவர் நிஜமாகவே சிரித்தார். “கம்பெனில எல்லார்கிட்டயும் சொன்னேன், எம்பொண்ணு மூணு வார்த்த சேத்து பேசிட்டான்னு. இன்னா பேசனான்னு கேட்டானுங்க. அத மட்டும் சொல்லல.”

“அப்ப ஏண்ணா ரவுண்டு போறதில்ல?”

“நீங்க தானே சொன்னீங்க? கொழந்த வாயத் தொறந்து ஒண்ணு கேட்டா அத மதிக்கணும், உடனே செய்யணும், அப்பதான் பேச்சு வளரும்னு. தள்ளிப் போன்னா, போயிட்டேன். நான் செய்யலன்னா, பேசி இன்னா புண்ணியம்னு நெனச்சிடும் இல்ல?”

நான் கொடுத்த வீட்டுப்பாடத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர் வேறு யாருமில்லை. மகள் அருகில் போகாமல், ஒரு நாளும் விடாமல், அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

“அது நான் சொல்லிக்குடுத்தது அண்ணா. க்ளாஸ்ல நடிச்சுக் காட்டினேன். அவ அதையே திருப்பிச் செஞ்சிருக்கா. நெஜமா அவளுக்கு வாடை பிடிக்கலையா, இல்ல விளையாடினாளான்னு எனக்கே தெரியல.”

“நடிச்சிங்களா? இன்னான்னு?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் டேனரி வாடைக்குப் பஸ்ஸில் நான் செய்வதை என்று. வாய் வரைக்கும் வந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேனே, மனதில் இருப்பதை நேராகச் சொல்லு, முகத்தைப் பார்த்துச் சொல்லு என்று. நான் அவருடைய வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, “சும்மா, ஒரு நாத்தம் மாதிரி” என்றேன்.

“ஓ” என்றார்.

பிறகு, விளையாட்டில் நான் கீழே விழுந்ததைச் சொன்னேன். அவர் விழுவார் என்றுதான் அவள் சிரித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்றேன்.

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். “விழணுமா?”

“ஆமாண்ணா.”

“அட. அது தெரியாம போச்சே.” வண்டிக் கைப்பிடியைத் துடைக்கத் தேவையில்லாமல் துடைத்தார். “சிரிச்சா மிஸ். நான் கூட, கேலி பண்றாளோன்னு...”

சனிக்கிழமை டேனரி உண்டு, எங்கள் அறையையும் திறந்து வைக்கலாம். வேலை முடிந்ததும் நேராகப் பள்ளிக்கு வரச் சொன்னேன்.

“வூட்டுக்குப் போய் குளிச்சிட்டு வந்துடறேன்.”

“வேணாண்ணா. குளிக்காம வாங்க. இப்படியே.”

“இப்படியேவா? ஸ்கூலுக்குள்ளயா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாராச்சும் ஒண்ணு சொன்னா உங்களுக்குப் பேஜாரா போயிடும் மிஸ்.”

“நான் பாத்துக்கறேன்.”

“சரி. அவ நெஜமாவே பிடிக்கலன்னு சொன்னா?”

அந்தக் கேள்வியோடுதான் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் வந்தேன். வாடை வருகிற இடம் வந்தது. கை மடியிலேயே இருந்தது. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை, வாடை குறையவுமில்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் ஜன்னலை மூடவில்லை, அவ்வளவுதான்.

‘தள்ளிப் போ’வை அவளிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. அவள் ஒரு பெண் பிள்ளை. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால், பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ அந்தச் சொல் அவளுக்குத் தேவைப்படும். அதைச் சொன்னதற்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் செய்த கோளாறு அது இல்லை. ஆளை அனுப்புகிற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆளைத் திரும்பக் கூப்பிடுகிற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன். வாடை பிடிக்காமல் இருக்கலாம், அப்பாவைப் பிடிக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்கு என்னிடம் படமே இல்லை. எல்லா முகத்திலும் ஒரே ஒரு உணர்ச்சியைத்தான் வரைந்திருக்கிறேன். எதிரில் நிற்பவர் முகம் மாறினால் அதைக் கவனித்து, ‘உனக்கு என்னாச்சு’ என்று கேட்கவும் நான் பழக்கவில்லை. பழக்கியிருந்தால் அவளே கேட்டிருப்பாள். அவர் அன்று சந்து வழியாகப் போனபோது அவளிடம் அந்தக் கேள்வி இல்லை.

சனிக்கிழமைக்கு இப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறேன். அவள் சிவப்பு நாற்காலியில் இருப்பாள். அவர் வேலை உடையோடு கதவில் நிற்பார். அவள் மூக்கைப் பிடித்துச் சிரித்தால், அவர் விழ வேண்டும். தடுமாறி விழுவது எப்படி என்று மில் வாசலிலேயே செய்து காட்டினேன். “இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா மிஸ்?” என்றார், ஆனால் நான் பின்னால் தடுமாறியதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். அவள் சிரிக்காமல் மூக்கைப் பிடித்தால், அது விளையாட்டு இல்லை. அப்போது அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், காணாமல் போகக் கூடாது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அப்பா, குளிச்சிட்டு வா’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். அவர் வெளியே குழாயில் முகம் கை கால் கழுவிக்கொண்டு, அவள் கண் பார்க்கும்படி திரும்பி வர வேண்டும். அவள் ஒன்றுமே செய்யாமல் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே இருந்தால்? அதற்கு என்னிடம் யோசனை இல்லை. அன்றைக்கு அவர் அவளை வண்டியில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போகட்டும், ஆடு, லாரி என்று அவர் மட்டுமாவது சொல்லிக்கொண்டு போகட்டும் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் முன்னால், அவள் உள்ளே வருவதற்குள், அவரிடம் அந்த மீதியைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கையசைவு எந்த வாடைக்கு என்று. பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவர்களில் நானும் ஒருத்தி என்று. அவர் முகத்தைப் பார்த்து. எப்படித் தொடங்குவது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன், பிள்ளைகளைச் சொல்லிப் பார்க்கச் சொல்வது மாதிரியே. முதல் இரண்டு சொல்லுக்கு மேல் இன்னும் வரவில்லை.

அவர் விழுவதற்கு வகுப்பு டீச்சரிடம் ஒரு பாய் கேட்டிருக்கிறேன். “எதுக்குடி பாயி, தூங்கவா?” என்று கேட்டார். சனிக்கிழமை தெரியும் என்றேன்.